மூன்றாம் சிலிண்டரின் கோடு

சிறிய விமானம் வைத்திருப்பவர்கள் அவளை ஜோசியக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் புகையின் சூட்டை விமானத்தில் ஒரு கருவி பதிந்துகொண்டே வரும். அந்தப் பதிவை அனுப்பினால் போதும், மாடியறையில் உட்கார்ந்தபடியே என்ன கோளாறு என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவாள். அவள் வாக்கு தப்பாது என்று பேர். தப்பியது ஒரே ஒருமுறை. அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் ஒருவர் அனுப்பிய பதிவு அது. மூன்றாம் சிலிண்டரின் கோடு நிமிஷத்துக்கொரு தடவை மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. வால்வு கருகத் தொடங்கினால் அப்படித்தான் காட்டும். சூடு அளக்கும் சென்சார் கெட்டாலும் கோடு ஆடும். சென்சாரைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும், அரைமணி வேலை. அன்று அவளுக்கு என்ன அவசரமோ, "சென்சார் கோளாறுதான் டாக்டர், தாராளமா பறங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். ஒன்பதாம் நாள் வால்வு உடைந்தது. விமானம் விழுந்து மனிதர் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து அந்தக் கோடு அவளை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கண்ணெதிரே ஏறும், குளிக்கப் போனால் இறங்கும். மத்தியானம் கண்ணயரும் கணவனின் மார்பு ஏறி இறங்குவதைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் டாக்டரின் மனைவி வந்து நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எஞ்சின் சரியில்ல, போகாதீங்கன்னு சண்டை போட்டேம்மா. 'அந்தம்மா பாத்துட்டாங்க, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க'ன்னாரு. அப்புறம்தான் விட்டேன். பறக்குற ஆசையில எங்கிட்ட பொய் சொல்லிட்டாரோன்னு மனசு அரிக்குது. நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

ஒரே வார்த்தையில் தப்பித்திருக்கலாம். போனில் பேசியதற்குச் சாட்சி ஏது? பழி செத்தவர் தலையில் விழுந்திருக்கும், அவரும் எழுந்துவந்து மறுக்கப்போவதில்லை. அந்த ஆசை அவளுக்கு வரத்தான் செய்தது. வரவில்லை என்று எழுதினால் நான் பொய்யன்.

"சொன்னேங்க. அவர் பொய் சொல்லல. நான்தான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

கன்னத்தில் அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாளோ அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

"போதும்மா. அவரு எங்கிட்ட பொய் சொல்லலையே, அது போதும். நீங்க நல்லா இருக்கணும்."

சபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த வாழ்த்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?