பச்சையாக எரியாத தீயும் எங்கள் லைன் வீடும்

வீட்டுக்கார அம்மாவின் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரே இருட்டு. அந்த இருட்டில் ஒரு சின்னச் சுடர்... நீலமாக நின்றுகொண்டிருந்தது, சட்டென்று கிளிப்பச்சை ஆனது. கூடவே மூக்கைக் குத்துகிற ஒரு நெடி.

"பாத்தியா அம்மணி? இங்கதான் கேஸ் லீக்காகுது" என்று திரும்பிச் சிரித்தார் என் கணவர். நானும் வீட்டுக்கார அம்மாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயைப் பிளந்து நின்றோம்.

அந்த விளக்கின் பெயர் ஹாலைடு டார்ச். ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கிற கேஸ் எங்காவது கசிந்து, அதை இதன் ரப்பர் குழாய் உறிஞ்சினால் தீ பச்சையாகிவிடும். எங்களுக்குக் கல்யாணமாகி முதல் வருஷம் அது. தொண்ணூறுகளின் பிற்பாதி...

சிங்காநல்லூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரே அறை, அதிலேயே ஒரு மூலையில் சமையல். சாயங்காலம் மில் சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிள் மணி கேட்கும். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் எனக்குக் கால் தரையில் நிற்காது. அவர் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக்.

மாமனாருக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. மகன் டவுனில் ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து கிடப்பது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்போதுதான் புது மாடல் கார்கள், புது கேஸ் போட்ட ஏசியோடு வர ஆரம்பித்திருந்தன. ஒரு ஷோரூமில் இவர் வேலை கேட்டதற்கு, ஏசி டெக்னீஷியன் சர்டிபிகேட் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இவரும் அதற்கான வகுப்பில் சேர்ந்துவிட்டார், முடிவில் ஒரு பரீட்சை. மாமனார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"சனிக்கெழமை பரிச்சையில தேறுனா இங்கயே இருந்துக்குங்க. இல்லீன்னா ஞாயித்துக்கெழமை டெம்போ எடுத்துட்டு வாரேன். சாமானத்த ஏத்திட்டு ஊட்டுக்கு வந்துருங்க."

தோப்பு வீட்டில் குறை ஒன்றும் கிடையாது. ஓரகத்தி, பிள்ளைகள், வேலையாட்கள் என்று வீடு நிறைய ஆட்கள். ஆனால் சொந்தப் புருஷனோடு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும்! எனக்கு என் ஒற்றை அறைதான் வேண்டும்.

வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் தாள்களை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் உட்காருவோம். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எனக்கு வார்த்தைகள் எல்லாம் தெரியும், மெஷினைத்தான் தெரியாது. அவர் அப்படியே தலைகீழ். கண்ணைக் கட்டிவிட்டாலும் கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டுவார், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் வியர்த்துவிடும்.

"ரெகவரின்னா என்னங்க?"

"கேஸக் காத்துல உடாம சிலிண்டர்ல புடிக்கறது."

"ரீசைக்கிள்?"

போச்சு! ரீசைக்கிளையும் ரீக்ளைமையும் மாற்றி மாற்றிச் சொல்வார். கடைசியில் அடுப்படியில் இருந்து வாணலியைத் தூக்கி வந்தேன். பலகாரம் சுட்ட எண்ணெயைக் கீழே ஊற்றாமல் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் ரெகவரி. நாமே வடிகட்டித் திரும்ப ஊற்றினால் ரீசைக்கிள். ஆலைக்கு அனுப்பிப் புது எண்ணெய்க்குச் சமமாகச் சுத்தம் செய்து, சோதித்து வாங்கினால் ரீக்ளைம்.

"அட, இதச் சொல்றதுக்கா இத்தன இங்கிலீசு!" என்று தொடையில் தட்டினார். அதுவரைக்கும் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் பழைய கேஸை உஸ்ஸென்று வானத்தைப் பார்த்துத்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சண்டை வந்தது. பழைய கேஸில் குளோரின் உண்டு, புதியதில் இல்லை என்று தாளில் போட்டிருந்தது. "அப்ப புது கேஸுக்குப் பச்சையா எரியாதுங்களே?" என்றேன்.

"எரியாம எங்க போகும்? எத்தன வருசமாப் பாக்கறேன்."

"குளோரின் இருந்தாத்தானுங்க பச்சை. இல்லாட்டி எத்தன லீக் இருந்தாலும் நீலமாவேதான் நிக்கும்."

"நீயே போயி எளுது பரிச்சைய!" என்று போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கும் கோபம். காலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் இட்லி போட்டேன். அவர் கிளம்பியதும் கோபம் போய் பயம் பிடித்துக்கொண்டது. கை சும்மா இருக்குமா? பாத்திரங்களை எல்லாம் சாக்கில் போட்டுக் கட்டி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கால் கழுவினார். நேராகப் போய் மூட்டையின் முன்னால் உட்கார்ந்து, முடிச்சை நிதானமாக அவிழ்த்தார். இட்லிப் பானையை எடுத்து அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தார். அப்புறம் வாணலி. அப்புறம் டம்ளர்கள், ஒவ்வொன்றாக...

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து சொன்னாத்தான் என்னங்க!"

அப்புறம்தான் சொன்னார். "கார் ஏசில லீக் கண்டுபுடிக்கச் சொன்னாங்க. டார்ச்சப் புடிச்சா நீலமாவே நிக்குது அம்மணி. மத்தவங்க லீக் இல்லைன்னு எளுதிக் குடுத்துப்போட்டாங்க. எனக்கு உன்ற மூஞ்சிதான் நாபகம் வந்துது. இது புது கேஸுங்களான்னு கேட்டேன், பரிச்சை வெச்ச சார் சிரிச்சுட்டாரு. சோப்புத் தண்ணி வாங்கித் தடவுனேன்... புசுபுசுன்னு நுரை வந்துருச்சு. பாஸுன்னு அங்கயே சொல்லிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் டெம்போவோடு வந்துவிட்டார். சேதி தெரிந்தே வந்திருக்கிறார், வண்டியில் தேங்காய் மூட்டை. கால் வைக்க இடமில்லாமல் வாசற்படியிலேயே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தப் பொட்டியாட்ட ரூம்புக்காவா அம்மணி இத்தன பாடு?"

"ஆமாங்க மாமா" என்றேன்.

காபியைக் குடித்துவிட்டு, தேங்காய் மூட்டையை எங்களுக்கு இறக்கிப் போட்டு, வெறும் டெம்போவோடு ஊருக்குத் திரும்பினார்.

இப்போது சொந்த வீடு. அறைக்கு அறை ஏசி, எல்லாம் அவர் கையாலேயே மாட்டியது. லீக் பார்க்கக் கையடக்கமாக ஒரு கருவி வைத்திருக்கிறார், கீ கீ என்று கத்தும். ஓர் அறையில் அவர் டிவியோடு, இன்னோர் அறையில் நான் ஃபோனோடு. குளிர் வெளியே போய்விடும் என்று இரண்டு கதவும் சாத்தியே இருக்கும். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால்... இன்றைக்கு ஒருவர் வாசலில் வந்து நின்று, இதுக்காவா அம்மணி இத்தன பாடு என்று கேட்டால், ஆமாங்க என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.