பூட்டிய பின்கதவும் என் நாத்தனாரும்

கடவுள் கூப்பிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டே என் நாத்தனார் போன வருடம் பூராவும் என் உயிரை வாங்கினாள். அமைதியான இடத்தில் உட்கார்ந்தால் குரல் கேட்கும் என்று பிரார்த்தனைக் கூட்டத்து அக்கா ஒருத்தி சொல்லிவிட்டாள். இவளும் மாடி அறையில் விசிறியைக்கூட நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்தாள். வந்தது தலைவலிதான்.

நெசவு ஆலையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தறி. தறிகள் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் வாயால் கூப்பிடுவதில்லை. தோளில் இரண்டு தட்டு. திரும்பினால், தட்டியவர் கைகாட்டும் இடத்துக்குப் போக வேண்டும். வீட்டிலும் எனக்கு அதே பழக்கம்தான். என் வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டேன்.

ஒருநாள் வேலைக்கு நடுவே அவள் சட்டென்று திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை. என்னை முறைத்தாள்; நான் பாட்டுக்கு அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தேன். மறுபடியும் திரும்பினாள். நேரெதிரே பின்கதவு, அதில் பெரிய பூட்டு. நாங்கள் வெளியே போய் அரட்டை அடிக்கிறோமாம், அதனால் மேலாளர் பூட்டி வைத்திருந்தார். பஞ்சுத்தூசி பறக்கிற கொட்டகையில் ஒரு பொறி விழுந்தால் அத்தனை பேரும் முன்கதவில் முட்டி மோதிச் சாக வேண்டியதுதான். எல்லோருக்கும் தெரியும். வயிற்றுப்பிழைப்புக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அவள் தறியை நிறுத்தினாள். மேலாளரிடம் போய்க் கதவைத் திறக்கச் சொன்னாள். போய் வேலையைப் பார் என்றார். அவள் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். இன்றோடு உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் அவள் காதருகே கத்தியது எனக்கே கேட்டது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கில்லை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து அவள் காதில் கத்தினேன்.

"பைத்தியமாடி உனக்கு? உன்னை யாரு இதுக்குக் கூப்பிட்டா?"

"தோள்ல தட்டினாரு அண்ணி. திரும்பினேன், பூட்டு தெரிஞ்சுது. இனிமே பார்க்காத மாதிரி இருக்க முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் தவமிருந்தவளுக்குக் காட்ட அந்தக் கடவுளுக்குத் துருப்பிடித்த பூட்டுதானா கிடைத்தது? எக்கேடோ கெட்டுப் போ என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

என் தோளில் இரண்டு தட்டு. பழக்கம் விடுமா? திரும்பினேன். அவள் வாயே திறக்காமல் பூட்டைக் காட்டினாள்.

என் தறிக்குப் போய் அதை நிறுத்தினேன். திரும்பி வந்து அவள் பக்கத்தில், அந்தக் கதவில் சாய்ந்து நின்றேன். மேலாளர் முகம் சிவக்க என் காதருகே வந்து கத்தினார்.

"என்ன, உன்னையும் கடவுள் தட்டினாரோ?"

"என்னைத் தட்டினது இவ, சார். எனக்கு அதுவே போதும். சாவியை எடுங்க."