வண்டிக்கு எடுத்துவைத்த பழம்புளி

அந்த வருஷம் மாசி மாதம், ஜவ்வாதுமலையில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பட்டணத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய பெரிய கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனி. "மொதல்ல ஒரு மூட்டை நல்ல புளியாக் குடுங்க. புடிச்சிருந்தா வருஷா வருஷம் நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்றார்.

என் அண்ணன் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குக் கிளம்ப இருந்தார். புளி நிரந்தரமாக விலைபோனால் கேரளாவுக்குப் போகவேண்டியதில்லை என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார்.

எங்களுக்கு நல்ல புளி என்றால் பழம்புளிதான். உப்புப் போட்டுப் பானையில் அமுக்கி, வருஷக்கணக்கில் கறுக்க விட்டது. பிள்ளை பெற்றவளுக்கு ரசம் வைக்க மட்டும் எடுப்போம். புதுப்புளியை வழக்கம்போல ஆலங்காயம் வியாபாரிக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு பானையைத் திறந்தோம்.

அண்ணி அள்ளும்போது அண்ணன் கேட்டார்: "எனக்கு ஒரு நாளாவது இதுல கொழம்பு வெச்சியா? யார்னே தெரியாதவனுக்கு இப்டி வழிக்கற?"

"நீ வூட்டோட இருக்கணும்னுதான் வழிக்கறேன். பேசாம மூட்டையப் புடி."

அடுத்த வாரம் கம்பெனிக்காரர் வண்டியோடு வந்தார். மூட்டையைப் பிரித்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது, தார் மாதிரி இருக்கு?"

"மூணு வருஷத்துப் புளிங்க" என்றார் அண்ணி, பெருமையாக.

"கண்ணாடிக் கவர்ல போட்டு வெச்சா இத ஒருத்தரும் தொட மாட்டாங்கம்மா. செவப்பா, புதுசா இல்லையா?"

"அது மட்டம்னு வியாபாரிக்குப் போட்டுட்டோங்க."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மொதல்லயே வெவரமா சொல்லியிருக்கணும் நானு. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று வெறும் வண்டியோடு இறங்கிப் போனார். எனக்கு நிமிர்ந்து அண்ணியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இருப்பதில் உசத்தியானதைத்தானே கொடுத்தோம் என்று இன்றைக்கும் மனது ஆறுவதில்லை.

அண்ணன் கேரளாவுக்குப் போனார்.

மறுவருஷம் புதுப்புளியைக் கொட்டை எடுத்து, நிறம் மாறாமல் மூடி வைத்துக் காத்திருந்தோம். பங்குனியும் முடிந்தது. கம்பெனி வேறு எங்கோ சரக்குப் பிடித்துக்கொண்டதாக மலைக்குக் கீழே பேசிக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் அண்ணன் போனில் கேட்டார்: "இன்னா, வண்டி வந்துச்சா?"

அண்ணி என்னைப் பார்த்தபடியே சொன்னார்: "வரும்னாங்க."