மேஸ்திரிக்குப் போகாத செய்திகள்

டாக்டர் கோமதி மாரடைப்பில் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் மருந்துக் கவுண்டரில் இருந்தேன். சீட்டுப் பதியும் பிந்துதான் ஓடிவந்து, "கோமதி மேடம் போயி, சேச்சி" என்று மலையாளத்தில் சொன்னாள். வரிசையில் நின்றவர்களுக்கு மருந்து கொடுத்து முடித்துவிட்டுத்தான் அழுதேன். இல்லாவிட்டால் அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார். அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும்.

விழிஞ்ஞம் பக்கத்து எங்கள் ஆரோக்கிய நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் எல்லோரும் அதைச் சபித்தோம். நெட் போனால் வரிசை கேட்டைத் தாண்டும். திருவனந்தபுரத்துக் கரமனைக்காரரான டாக்டர் மட்டும் அதன் கட்சி. "அதுக்கு நம்மளவிட ஞாபகம் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை வந்தவாள நீ திங்கக்கிழமை மறந்துடறாயோல்லியோ?" என்பார். ஆனால் நோயாளி பேசும்போது திரையின் பக்கம் திரும்பவே மாட்டார். பேசி முடித்த பிறகுதான் ஒற்றை விரலால் தட்டுவார். கோழி கொத்துகிறது என்று நாங்கள் கேலி செய்வது அவருக்கும் தெரியும்.

துறைமுக வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பெண்கள் பலருக்குச் சொந்த போன் கிடையாது. பதிவுக்கு நம்பர் கேட்டால் மேஸ்திரியின் நம்பரைச் சொல்வார்கள். ஒருத்தி கர்ப்பம் என்ற பரிசோதனை முடிவு குறுஞ்செய்தியாக அப்படியே மேஸ்திரியின் போனுக்குப் போயிற்று. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்று டாக்டர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் புது போனோடு வந்தார்.

"நம்பர் இல்லாதவாளுக்கு இதப் போடு. சேதிய நான் சொல்லிக்கறேன்."

"அது சட்டப்படி சரியா மேடம்?" என்று கேட்டேன்.

"மேஸ்திரிக்குப் போறது சரியோ?"

பதின்மூன்றாம் நாள் காரியம் கழிந்து கரமனைக்குப் போனபோது, அவர் கணவர் அந்த போனை என்னிடம் நீட்டினார். "இது நிக்காம அடிச்சிண்டே இருக்கு. யாரோ பொம்மனாட்டிகள் பேரா வரது. நான் படிக்கல. நீங்களே வச்சுக்கோங்கோ."

டாக்டர் கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது தென்காசிக்காரி ஒருத்தியை. மார்பில் கட்டி. பெயர் வேண்டாம், டாக்டருக்குப் பிடிக்காது. புற்றாக இருக்குமோ, மேஸ்திரிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று அவள் மருகிக்கொண்டிருந்தாள். கரமனையிலிருந்து நான் பஸ்ஸில் திரும்பும்போது அவளுடைய முடிவு அந்த போனில் வந்தது. சாதாரணக் கட்டிதான்.

டாக்டர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த போன்தான். புதிதாக வரும் பெண்களுக்கும் அந்த நம்பரையே போடச் சொல்லியிருக்கிறேன்.

முடிவு வந்த மறுநாள் அந்தத் தென்காசிக்காரியைத் தனியே அழைத்துச் சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். பிறகு, "இது டாக்டரம்மா போனுக்கா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப, போன எடத்துல அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.