வார்டில் சாமி வந்த நாள்

அடியார்கள் அனைவருக்கும் வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும், மன்னிக்க வேண்டும். ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துப் பிழைகளைக் கோயில் மலர் தயாரிக்கும் தம்பிகள் திருத்திக்கொள்ளுங்கள். மேடையேறிப் பேசத்தான் சொன்னார்கள். அதற்கு இது தேவலை என்று எழுதுகிறேன்.

நான் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கிறேன். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறேன். ரொம்பக் கூச்ச சுபாவம். முன்னால் போகிற வண்டிக்கு ஹாரன் அடிக்க மாட்டேன். அவர் என்ன நினைப்பாரோ என்று பின்னாலேயே ஊர்ந்து போவேன்.

1986ஆம் ஆண்டு என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினால் குணமாக வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். என் மனைவி பாக்கியம்தான் என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கூட்டி வந்தாள். கடைசி மகள் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தாள். அவளை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் முருகன் முன்னால் நின்றேன். எல்லாரையும் போல வாய்விட்டு வேண்ட எனக்கு வராது. மனதுக்குள், "உன்னை நான் அதிகம் தொந்தரவு பண்ணினதில்லை. இந்த ஒரு தடவை பார்த்துக்கொள்" என்றேன்.

முதல் மருந்து ஏற்றும் நாளில் பாக்கியம் என் நெற்றி முழுக்கத் திருநீறு பூசிவிட்டாள். தலையணைக்கு அடியிலும் ஒரு பொட்டலம் வைத்தாள். மருந்து இறங்கத் தொடங்கியது. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கஞ்சி வாங்கி வருகிறேன் என்று அவள் கேண்டீனுக்குப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் எனக்குக் குளிர் எடுத்தது. பிறகு உடம்பு உதறியது. நெஞ்சை யாரோ அமுக்குவது போல் இருந்தது. நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிடத் தலைமாட்டில் ஒரு பெல் தொங்கியது. மிஸ்ஸிகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், குளிருக்கெல்லாமா கூப்பிடுவது என்று கூச்சப்பட்டேன். வேறு வழியில்லை என்று தெரிந்தபோது கை பெல்லுக்கு எட்டவில்லை. நாக்கும் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, யாரையாவது அனுப்பு" என்றேன். "முருகா, முருகா" என்பது மட்டும்தான் வெளியே கேட்டிருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் செமினி ஊரைச் சேர்ந்த ஒருவர் படுத்திருந்தார். அவர் மனைவி சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, மூடிய கண், வாயில் முருகன் பெயர், உடம்பெல்லாம் ஆட்டம். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பி நின்றார்.

"சாமி, எங்க வீட்டுக்காரர் எழுந்து நடப்பாரா சாமி?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பல் தந்தியடித்தது. தலை தானாக மேலும் கீழும் ஆடியது. அந்த அம்மா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு அழுதார்.

எதிர்க் கட்டில் பெரியவர், "மஞ்சத் தண்ணி கொடும்மா, சாமி ரொம்ப ஆடுது" என்றார்.

"ஆஸ்பத்திரில மஞ்சத் தண்ணிக்கு எங்க போறது? மைலோதான் இருக்கு" என்றார் சரோஜாவின் கணவர்.

"நீங்க சும்மா இருங்கலா" என்று அவரை அடக்கிவிட்டு, அந்த அம்மா வார்டே அதிரும்படி, "மிஸ்ஸி, இங்க வாங்க, சாமி வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார்.

சத்தம் போடாதே என்று திட்டத்தான் மிஸ்ஸி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. உடனே மருந்தை நிறுத்தினார். டாக்டர் ஓடி வந்தார், ஊசி போட்டார்கள், போர்வை மேல் போர்வையாகப் போர்த்தினார்கள். கஞ்சியோடு வந்த பாக்கியம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சில உடம்புக்கு இந்த மருந்து முதலில் ஒத்துக்கொள்ளாது, இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அடுத்த தடவை முன்னதாகவே ஊசி போட்டு, மெதுவாக ஏற்றுவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்றேன். அடுப்படியில் மிளகாய்ச் சம்பல் வாசனை வந்தாலே குமட்டியது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பாக்கியம் கெஞ்சிப் பார்த்தாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"சரி, போக வேணாம். ஆனா அந்த அம்மாவுக்கு ஆமான்னு தலையாட்டிட்டு வந்திருக்கீங்க. அதுக்கு யாரு போய் பதில் சொல்றது?"

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாமி சொன்னதாக அல்லவா அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்? மறு வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் கணவருக்காக வேண்டினேன். என்னை அறியாமல் வாய்விட்டே வேண்டியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று எனக்குப் பயம் விட்டது.

இரண்டாவது தடவை போனேன். சரோஜாவின் கணவர் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். நான் அந்த அம்மாவிடம் போய், "அன்னிக்குச் சாமி வரலம்மா, குளிர்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஊசி போட்டப்பவே தெரிஞ்சிருச்சுண்ணே. ஆனா அத்தனை நாள்ல ஆமான்னு தலையாட்டுனது நீங்க ஒருத்தர்தான். அதை வெச்சுக்கிட்டுத்தான் இவருக்குச் சோறு ஊட்டுனேன்."

அன்று மருந்து மெதுவாக இறங்கியது. உடம்பு உதறவில்லை. "என்ன சாமி, இன்னிக்கு ஆட்டம் இல்லையா?" என்று எதிர்க் கட்டில் பெரியவர் கேட்டார். வார்டே சிரித்தது. வெட்கப்பட்டாலும் நானும் சிரித்தேன்.

எல்லா மருந்தும் ஏற்றி முடிந்தது. முடி கொட்டி, திரும்பச் சுருட்டையாக முளைத்தது. கட்டி கரைந்தது. இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் சரோஜாவையும் அவர் கணவரையும் பார்த்தோம். அவர் படியேறிக்கொண்டிருந்தார். அந்த அம்மா தூரத்திலிருந்தே, "சாமி" என்று கூப்பிட்டுக் கையாட்டினார்.

யாரையாவது அனுப்பு என்று முருகனிடம் கேட்டேன். அவன் அந்த அம்மாவை அனுப்பினான். என்னைப் போலக் கூச்சப்படுகிறவர்கள் நம்மிடையே இருப்பீர்கள். அவனை நம்பிக் கூப்பிடுங்கள். மனதுக்குள் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்கிறது. பக்கத்தில் பெல் இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். நான் இப்போது லோரியில் ஹாரன் அடிக்கிறேன்.

எழுதி முடித்தது: 12.8.1988, வெள்ளிக்கிழமை.