பாகச் சுவருக்குக் கீழே தொட்டி

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நாங்கள் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. பாதி எங்கள் அடுக்களைக்குக் கீழே கிடந்தது, மீதி சின்ன மாமனார் வீட்டு முற்றத்துக்குக் கீழே. என் மாமனாரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது தொட்டியை வெட்ட முடியாமல், அதன் தலைமேலேயே சுவரை எழுப்பிவிட்டார்கள். கைப்பம்பு எங்கள் பக்கம் வந்தது. மாடியிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீரை வடிகட்டும் குழி அந்தப் பக்கம் போனது. தூத்துக்குடியில் கிணறு வெட்டினால் உப்புத்தான். அதனால் பேச்சுவார்த்தை நின்ற பிறகும் இரண்டு வீடும் ஒரே தண்ணீரைத்தான் குடித்தன.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். என் மூத்த மகன் தவழ ஆரம்பித்திருந்தான். அப்போதுதான் தண்ணீர் நாறத் தொடங்கியது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்குப் பிடித்துக் கண் உள்ளே போய்விட்டது. வடிகட்டும் குழியைச் சுத்தம் செய்து புது மணலும் கரியும் போடாவிட்டால் பிள்ளை தாங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

என் கணவர் துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் மேஸ்திரி. எல்லாரையும் சந்தேகப்படுவார். மூட்டை எடை குறைந்தால் கூலியாளை, குழம்பில் உப்புக் கூடினால் என்னை.

"சித்திதான் குழியில என்னமோ போட்டிருக்கா. நம்ம பிள்ளயக் கொல்லப் பாக்கா" என்றார்.

"அவுகளும் அதத்தான குடிக்காக?"

"வேற எங்கயாவது எடுத்துக் குடிப்பாக. நீ கண்டியா?"

நான் காணவில்லை. அதனால் எனக்கும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் மணலைச் சுரண்டும் சத்தம் கேட்டால் சுவரில் காதை வைத்துவிடுவேன்.

ஒரு நாள் காலையில் பிள்ளைக்கு அழக்கூடக் குரல் எழும்பவில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நேரே அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். சின்ன மாமியார் "வா" என்று சொல்லவில்லை.

"குழியப் பாக்கணும் அத்தை."

குழியை மூடியிருந்த பலகையைத் தூக்கினாள். மேலே புது ஆற்றுமணல். கையால் விலக்கிக் காட்டினாள். கழுவிய கரி, அதற்கும் கீழே சரளை.

"தண்ணிய இறைச்சுத் திரும்பத் திரும்ப இதுல வடிய விடுதேன். நாத்தம் நிக்கல. உங்க பக்கமிருந்துதான் என்னமோ விழுது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "குடிக்கிற தண்ணியில நாங்க என்னத்தப் போடப் போறோம்?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

அவர்கள் பக்கத்துத் தொட்டி வாயில் வாளியை இறக்கி இறைத்து என் முன்னால் வைத்தாள். மேலே எண்ணெய் மினுங்கியது. என் வீட்டில் எப்போதும் அடிக்கும் நாற்றம், சாம்பிராணி மணக்கும் அந்த வீட்டில் நின்று மோந்தபோதுதான் பிடிபட்டது. என் கணவரின் சட்டை நாற்றம். தோணிப் பலகைக்குப் பூசும் சுறா எண்ணெய்.

பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோனால் தண்ணீர் ஏறாது. விளக்கெண்ணெய் விடுவது வழக்கம். யுத்தத்தில் அது கிடைக்காமல், தோணியிலிருந்து சுறா எண்ணெயைக் கொண்டுவந்து தாராளமாக ஊற்றியவர் அவர்தான். ஊற்றியதெல்லாம் குழாய் வழியே தொட்டிக்கு இறங்கியிருக்கிறது. நாளெல்லாம் அதிலேயே புழங்குகிறவருக்கு மூக்கு எங்கே வேலை செய்யும்?

சொன்னேன். புருஷன் மேல் ஆத்திரமாக வந்தது. சின்ன மாமியார் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. உள்ளே போய் ஒரு செம்போடு வந்தாள்.

"ஓமத் தண்ணி. ஏரல்லருந்து என் தம்பி ஒரு குடம் ஆத்துத் தண்ணி கொண்டாந்தான். நாங்க தொடல, பிள்ளைக்குன்னு வச்சிருக்கேன். அதுலதான் தினமும் ஓமத் தண்ணி போடுவேன். குடுத்தா வாங்குவியளோ மாட்டியளோன்னு அப்புறம் கீழ ஊத்திருவேன்."

கையை நீட்டினேன். அவள் உடனே தரவில்லை. நான் ஒன்றும் கேட்காமலே, அண்ணாந்து என் கண் முன்னால் இரண்டு மடக்குக் குடித்துக் காட்டிவிட்டு, பிறகுதான் செம்பை என் கையில் கொடுத்தாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். அவள் அப்படிக் குடித்துக் காட்டியதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.