ஒரு கோடு விழட்டும்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான். காரைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். அவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போன இடத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டு, "சார், நீங்க பின்னால ஒக்காந்து போங்க, அதான் உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது" என்று அனுப்பிவிட்டார். ஆனால் காருக்கு என்னென்ன கேடு வரும், யாரால் வரும் என்பதில் அவரைவிட விஷயம் தெரிந்த ஆள் கள்ளக்குறிச்சியில் கிடையாது. கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்வார்.

நான் கல்வராயன் மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை பார்க்கிறேன். கார் வாங்கும் முன்பு பஸ்ஸில்தான் போய்வந்தேன். அந்த பஸ்ஸைப் பற்றி என்னிடம் யாரும் பேச்செடுக்கக் கூடாது. கச்சிராயபாளையம் வரைக்கும் நசுங்கிக்கொண்டு போகலாம். அதற்கப்புறம் மலை ஏறத் தொடங்கிவிட்டால் வளைவுக்கு வளைவு யார் மடியிலாவது போய் விழ வேண்டும். காலடியில் ஒரு ஆட்டுக்குட்டி, தலைக்கு மேல் ஒரு பலாப்பழம், பக்கத்தில் வாந்தி எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு மனுஷன். வீடு திரும்பும்போது இடுப்பு என்னுடையதாகவே இருக்காது.

அதனால் கார் வாங்குவது என்று நான் முடிவெடுத்தபோது வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. பொம்பளை தனியாக மலைப்பாதையில் ஓட்டுவதா என்று என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, தியாகதுருகத்திலிருந்து பஸ் ஏறி வந்து மூக்கைச் சிந்தினார். கடைசியில் இவர் தீர்ப்பு சொன்னார்.

"சரி, வாங்கிக்கோ. ஆனா ஒரு கோடு விழட்டும். ஒரே ஒரு கோடு. அப்பறம் வண்டி ஷெட்டுல, நீ பஸ்ல."

"விழாது" என்றேன். அக்கா முன்னிலையில் வாக்கு. கோபத்தில் கொடுத்த வாக்கு வேறு.

எனக்கு அந்தக் காரில் என்ன இருந்தது என்று இவர்கள் யாருக்கும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அது. காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம். பாடுவேன். எனக்குப் பாட வராது, அதனாலென்ன, கேட்க யார் இருக்கிறார்கள்? மேலதிகாரியைத் திட்டுவேன், நாத்தனாரைத் திட்டுவேன், நானே அவர்களாகவும் பதில் பேசி, அதிலும் ஜெயித்துவிடுவேன். இதை விட்டுவிட்டுப் பலாப்பழத்துக்கு அடியில் போய் நில் என்றால் நிற்க முடியுமா?

நிறத்தைத் தேர்ந்தெடுத்தது இவர். பெயிண்ட் கடை வைத்திருக்கிறாரே, கேட்க வேண்டுமா. சுவருக்கு அடிக்கிற பெயிண்ட்தான், ஆனாலும் பெயிண்ட் பெயிண்ட்தானே என்பார். வெள்ளை வாங்கலாம், தூசி தெரியாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "வெள்ள ஆஸ்பத்திரி வண்டி மாரி இருக்கும்" என்று சொல்லிக் கருநீலத்தைக் காட்டினார். கருநீலம் ஷோரூமில் நிற்கும்போது ராஜா மாதிரிதான் இருந்தது. சாலைக்கு வந்த அன்றைக்கே மாவு மில்லில் வேலை பார்ப்பவன் மாதிரி ஆகிவிட்டது.

தினமும் ஓடுகிற காரின் பளபளப்பைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. நம்மூரில் எல்லாமே காருக்கு எதிரி. மலைமேல் செம்மண் புழுதி, கீழே கரும்பு டிராக்டர். அந்த டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் தோகை இரண்டு பக்கமும் துடைப்பக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நிழலுக்கென்று இருப்பது ஒரே ஒரு மரம், அதில் ஊர்க்காக்கை அத்தனையும் குடியிருக்கிறது. காக்கை எச்சத்தை உடனே ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் பெயிண்ட்டையே அரித்துவிடும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. வெயிலில் கழுவி அப்படியே விட்டால் ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வட்டமாகக் காய்ந்து, காருக்குத் தேமல் வந்த மாதிரி இருக்கும். சாயந்திரம் நிழலில் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மத்தியான வெயிலில் பானெட்டைப் பார்க்கிறேன், சிலந்தி வலை பின்னிய மாதிரி மேலெல்லாம் வட்டவட்டமாக நுண்ணிய கீறல். இது எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரமாக யோசித்தேன். அப்புறம் ஒரு காலை நேரத்தில் கையும் களவுமாகப் பிடித்தேன். இவர் பழைய லுங்கியை எடுத்து, தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லாமல், முந்தின நாள் செம்மண்ணோடு சேர்த்து வறட்டு வறட்டென்று துடைத்துக்கொண்டிருக்கிறார்!

"ஏங்க, கடையில உப்புத்தாள் விக்கறீங்களே, அதுல இன்னா இருக்கு?"

"மண்ணு."

"இப்ப லுங்கியில இன்னா இருக்கு?"

லுங்கியை உதறித் தோளில் போட்டார். பிறகு, "அது கோடு இல்ல, வட்டம். வட்டம் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடேங்கப்பா, சட்டம் போடுகிறவர்களுக்குத்தான் எத்தனை சௌகரியம்.

ஆனால் என் விஷயத்தில் சலுகை கிடையாது. தினமும் நான் வந்து நிறுத்தியதும் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வருவார். முன்னால், இடப்பக்கம், பின்னால், வலப்பக்கம். கையால் தடவுவார், குனிந்து பார்ப்பார். நான் பையோடு ஓரமாக நிற்பேன், செக்போஸ்ட்டில் மாட்டியவள் மாதிரி. ஒன்றும் இல்லையென்றால் "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்த பிறகுதான் எனக்குக் காபித் தண்ணீர் இறங்கும்.

இந்தக் கோட்டுக்குப் பயந்தே மலைமேல் எனக்குக் கெட்ட பேர் வந்தது. அங்கே சாமை அறுத்தால் கதிரைக் கொண்டுவந்து ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் அதன் மேல் ஏறிப் போக வேண்டும், அதுதான் போரடிப்பு. பஸ் ஏறும், லாரி ஏறும், போலீஸ் ஜீப்பும் ஏறும். நான் மட்டும் சாமைக் கதிரின் தாள் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் கீறிவிடுமோ என்று ஓரமாக ஒதுங்கி, ஒரு சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டுப் போவேன். அங்கே சாமை கிளறிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா, என்னிடம் முட்டிவலிக்கு மாத்திரை வாங்குகிறவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டே விட்டார்.

"ஏம்மா மருந்தக்கா, எல்லா வண்டியும் ஏறுது. எங்க சாம உன் வண்டிக்கு இன்னா பாவம் பண்ணிச்சி?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனேன். அன்றைக்குப் பாட்டும் வரவில்லை.

இப்படியாக ஒரு கோடு விழாமல் ஆயுத பூஜை வரைக்கும் வந்துவிட்டோம். நாத்தனாரும் வந்திருந்தார். கார் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பாக்கி இருந்தது திருஷ்டிப் பூசணிக்காய். இவர் அதில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, காசு போட்டார். எல்லாரும் சில்லறை ஒன்றோ இரண்டோ போடுவார்கள். இவர் கனமான பத்து ரூபாய்க் காசுகளாகப் பார்த்துப் போட்டார். மலைக்குப் போய்வருகிற வண்டிக்கு அவ்வளவு கண் பட்டிருக்குமாம்.

தட்டில் சூடம் ஏற்றிச் சுற்றி, தட்டைக் கீழே வைத்தார். நான் சொன்னேன், "தள்ளிப் போய் நடுரோட்டுல ஒடைங்க."

"கண்ணு வண்டி மேல பட்டிருக்கு. வண்டிக்கு எதிர்லதான் ஒடைக்கணும். உனுக்கு இன்னா தெரியும்?"

பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கினார். மூச்சைப் பிடித்தார். ஜென்மத்தில் இல்லாத ஆத்திரத்தோடு தரையில் ஓங்கி அடித்தார்.

பூசணிக்காய் நன்றாகத்தான் உடைந்தது. ஒரு காசு மட்டும் தரையில் பட்டு எகிறி, "டங்" என்று பானெட்டில் விழுந்து, நிதானமாகச் சறுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. குங்குமத் தண்ணீரைத் துடைத்துப் பார்த்தால், பானெட்டின் நடு நெற்றியில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. சந்தேகத்துக்கே இடமில்லை. வட்டம் இல்லை, சுத்தமான கோடு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாக இவர் அணைந்த சூடத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தார்.

"கோடு வுழுந்துடுச்சி. பேசனது பேசனதுதான். வண்டி ஷெட்டுல."

"அண்ணி, போட்டது உங்க தம்பி!"

"யாரு போட்டா கணக்குன்னு அன்னிக்கு சொல்லலியே. கோடு வுழுந்தாங்கறதுதானே பேச்சு?"

இவர் ஏதாவது சொல்வார் என்று முகத்தைப் பார்த்தேன். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "நல்லா இருங்க. நான் பஸ்லயே போறேன்" என்று சாவியைத் தூக்கி அவர் தட்டில் போட்டேன். அழுகையும் வந்தது, அதை அவர்களுக்குக் காட்டவில்லை.

விடுமுறை முடிந்து பஸ்ஸில் போனேன். ஆட்டுக்குட்டி இருந்தது. பலாப்பழத்துக்குப் பதில் அன்றைக்குக் கடப்பாரை. திரும்பி வந்து இறங்கும்போது இருட்டிவிட்டது, சேலையின் ஓரத்தில் யாருடைய வாந்தியோ. வாசலுக்கு வந்தால் இவர் ஷெட்டில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து அசையாமல் நிற்கிற காரைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார். முன்னால், இடப்பக்கம், பின்னால், வலப்பக்கம்.

"அதான் எங்கயும் போகலியே, இன்னும் இன்னாத்த தேடறீங்க?" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியல" என்றார்.

"எது தெரியல?"

"நீ எப்டி போய்ட்டு வந்தேன்னு." சொல்லிவிட்டு டார்ச்சைக் கீழே இறக்கினார். "இடப்பக்கம் கோடு இருந்தா பாறைல ஒரசியிருக்கும். வலப்பக்கம்னா லாரிக்காரன் மேல வந்திருப்பான். ஒண்ணுமில்லன்னா நீ நல்லா போய்ட்டு வந்திருக்கன்னு அர்த்தம். உன்ன கேட்டா சொல்லுவியா? 'சும்மா இருங்க'ம்ப. பஸ்ல போனா எங்கன்னு பாக்கறது?"

பெயிண்ட்டைப் பார்க்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"நாளைக்கு வண்டிய எடு. அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். "நானும் வரேன்."

விடிந்து பார்த்தால், கோட்டைச் சும்மா விட மனம் வராமல் கடையிலிருந்து எனாமல் பெயிண்ட் கொண்டுவந்து தடவியிருக்கிறார். டப்பாவில் கருநீலம்தான், காய்ந்தால் அட்டைக்கரி. அதுவும் விரல் நீளத்துக் கோட்டை மறைக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "பத்தடி தள்ளி நின்னு பாரு, தெரியாது" என்றார். தள்ளி நின்று பார்த்தேன். தெரிந்தது. ஆனால் பத்தடி தள்ளி நின்றால் சிலந்தி வலை தெரியவில்லை, தேமல் தெரியவில்லை, கார் புதுசு மாதிரிதான் இருந்தது. தினமும் மலை ஏறி இறங்குகிற வண்டிக்கு அதற்கு மேல் அழகு வேண்டுமென்று கேட்பது பேராசை. எங்கள் இரண்டு பேரையுமே பத்தடி தள்ளி நின்று பார்த்தால்தான் பார்க்கும்படி இருக்கும்.

மலை ஏறும்போது ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சாமை பரப்பிய இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுக்கினேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி பக்கென்று சாய்ந்தது. கண்ணைத் திறந்து, தன் பக்கம் கீழே தெரிந்த பாதாளத்தைப் பார்த்தார்.

"ஐயோ, ஏன் இங்க போற? மேல ஏத்து! சாம மேல ஏத்து!"

ஏற்றினேன். சரசரவென்று தாள் நொறுங்கியது. அந்த முட்டிவலி அம்மா கைகொட்டிச் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, "இவருதான் வூட்டுக்காரரா? வண்டிக்கு நெத்தியில இன்னாங்க அது, கரேர்னு?" என்று கேட்டார்.

இவர் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தார். "திருஷ்டிப் பொட்டு" என்றார்.

"அதான பாத்தேன். இம்மாம் அழகா இருந்தா கண்ணு பட்டுடும்ல" என்றார் அந்த அம்மா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ கோடு விழுந்துவிட்டது. டிராக்டர் போட்டது ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஆடு கொம்பைத் தேய்த்தது ஒன்று, சாமைத் தாள் போட்டதற்குக் கணக்கே இல்லை. லுங்கியைப் பிடுங்கி அடுப்படிக்குப் போட்டுவிட்டேன், சாயந்திரம் ஈரத்துணியோடு நானும் சேர்ந்து நிற்கிறேன். டார்ச் மட்டும் நிற்கவில்லை. ஆனால் இப்போது காரைச் சுற்றி வருவதில்லை. நான் கதவைத் திறந்து இறங்கினதும் நேராக என் முகத்தில் அடிக்கிறார். கண் கூசுகிறது. "உங்களுக்குப் புத்தி இருக்குதா இல்லியா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறேன். கத்துகிற அளவுக்கு நன்றாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், "ம்" என்று சொல்லி டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போகிறார்.